பல் டாக்டரும் பச்சை விளக்கும்

ஒருநாள் காலையில் ஒரு பெரியவர் கன்னத்தைக் கையால் தாங்கியபடி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கடைவாய்ப் பல் உயிரை எடுக்கிறதாம். இந்த வீட்டு மாடியில் பல் டாக்டர் இருக்கிறார் என்று தெருமுனையில் யாரோ கைகாட்டி அனுப்பிவிட்டார்களாம். நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் கையில் சாமணத்தோடு இறங்கி வந்து, "ஐயா, நான் எண்ணுறது வேற பல்லுங்க" என்றான். அந்த வலியிலும் மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

பல் டாக்டர் என்பது அச்சகத்தில் என் தம்பிக்கு வைத்த பட்டப்பெயர். ஸ்டாம்பின் ஓரத்தில் சின்னச் சின்னதாகப் பல் இருக்கிறதே, அதை லென்ஸ் வைத்து எண்ணுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவன் வேலை பார்க்கிற இடத்தில் மருந்து பாட்டிலுக்கும் மை பாட்டிலுக்கும் லேபிள் அச்சடிக்கிறார்கள். நிறம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா, வெட்டு நேராக விழுந்திருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவன் பொறுப்பு. லேபிள் சுருளிலிருந்து ஒன்றைக் கிழித்தால், கிழிந்த ஓரத்தைப் பார்த்தே யார் கிழித்தது என்று சொல்லிவிடுவான். பேக்கிங் மேசைப் பெண்கள் அவன் வருவதைக் கண்டாலே கத்தரிக்கோலைத் தேடி எடுத்து முன்னால் வைத்துக்கொள்வார்கள்.

கடிதத்தில் ஒட்டுகிற ஸ்டாம்பைச் சேர்க்கிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். என் தம்பிக்கு அதில் ருசி இல்லை. கடிதத்தோடு சம்பந்தமே இல்லாத ஸ்டாம்ப்தான் அவனுக்கு வேண்டும். ரசீதில் ஒட்டிக் கையெழுத்துப் போடுகிற ரெவின்யூ ஸ்டாம்ப், சினிமா டிக்கெட்டின் வரி ஸ்டாம்ப், பஸ்ஸில் பார்சல் அனுப்ப ஒட்டினது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேமிக்கப் பழக்க விற்றது, ஆஸ்பத்திரி நிதிக்கு விற்றது, தீப்பெட்டியின் வாயில் ஒட்டினது. தபால்காரர் கையால் தொடாத எதுவும் இவனுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதிலும் அவன் உருகிப்போவது கடை ஸ்டாம்புக்கு. ஒரு காலத்தில் பெரிய கடைகளில் சாமான் வாங்கினால் பில்லோடு ஒரு ஸ்டாம்பும் கிழித்துக் கொடுப்பார்களாம். கடையே கொடுக்கிற புத்தகத்தில் அதை ஒட்டிக்கொண்டே வந்து, கட்டங்கள் நிறைந்ததும் புத்தகத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டால், ஒரு சட்டியோ போர்வையோ சுவர்க்கடிகாரமோ பரிசாகக் கிடைக்கும். கொடுத்த புத்தகங்களையெல்லாம் கடைக்காரர் கிழித்து எரித்துவிடுவார். அதனால்தான் பழையது இப்போது கிடைப்பதில்லை என்று தம்பி சொல்வான். யாரோ எரித்ததற்கு இவன் துக்கம் கொண்டாடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும்.

அவன் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜன்னலோரம் ஒரு மேசை. அதன்மேல் வெள்ளைத் தட்டில் தண்ணீர், தண்ணீரில் காகிதத்தோடு ஊறும் ஸ்டாம்புகள். பசை விட்டதும் சாமணத்தால் தூக்கி மைஒற்றும் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான அகராதியை ஏற்றிவிடுவான். அந்த அகராதியை அவன் விரித்து நான் பார்த்ததே இல்லை. சுவர் முழுக்கச் செருப்புப் பெட்டிகள். எந்த வெயிலிலும் அந்த அறையில் மின்விசிறியைப் போடக் கூடாது, பறந்துவிடும். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், டியூட்டி முடிந்து வந்து ஒருமுறை தெரியாமல் அங்கே விசிறியைப் போட்டுப் படுத்துவிட்டார். எழுந்தபோது மீசையில் ஒரு தீப்பெட்டி வரி ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது. தம்பி அவரை அசையாமல் படுக்கச் சொல்லி, சாமணத்தால் எடுத்தான்.

யாராவது ஒரு ஸ்டாம்பைக் கொண்டுவந்து இது என்ன என்று கேட்டால், அவன் பார்க்கிற விதமே தனி.

"ஸ்டாம்புல என்ன இருக்குன்னு எல்லாரும் பாக்குறாங்க அக்கா. என்ன இல்லைன்னு பாக்கணும்" என்பான். "நாட்டுப் பேர் இல்ல, தபால்னு ஒரு வார்த்தை இல்ல, காசு எவ்வளவுன்னு இல்ல, வெறும் நம்பர் மட்டும் நிக்குதுன்னா, அது கடைக்குப் பொறந்தது."

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கண்தான் அவன் கல்யாணத்துக்கு எமனாக வந்து வாய்த்தது.

முதலில் பார்த்த இடம் ஒரு துணி வியாபாரியின் வீடு. பெண்ணின் அப்பாவும் ஸ்டாம்ப் சேர்க்கிறவர் என்று தெரிந்ததும் எனக்கு வாயெல்லாம் பல். அவர் ஆல்பத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, இது உலகத்திலேயே அபூர்வம் என்றார். இவன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது காசநோய் நிதிக்கு வித்த ஒட்டுத்தாள்ங்க, தபால் ஸ்டாம்பே இல்ல" என்றான். அதோடு அந்தப் பேச்சு நின்றது. இரண்டாவது இடத்தில் பெண்ணின் அண்ணன், முதல் விமானத் தபாலின் ஸ்டாம்ப் என்று ஒன்றைக் காட்டினான். அது பெட்டியில் ஒட்டுகிற விமான கம்பெனிச் சீட்டு என்று இவன் சொல்லிவிட்டான். மூன்றாவது வீட்டில் ஸ்டாம்பின் வாசனையே இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்தேன். பேசிக்கொண்டிருந்தபோதே அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய ரசீது இவன் கண்ணில் பட்டுவிட்டது. அதில் இருந்த ரெவின்யூ ஸ்டாம்பை வெட்டி எடுத்துக்கொள்ளலாமா என்று பெண்ணின் அம்மாவிடமே கத்தரிக்கோல் கேட்டான்.

அன்றைக்கு வீடு வரும் வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடா நீ?"

"பொய்யைப் பாத்துட்டு எப்படிக்கா சும்மா இருக்கிறது?"

"அவங்க உன்கிட்ட பொய் சொல்லல. ஆசையாக் காட்டினாங்க."

அதற்குப் பிறகு நான் பெண் தேடுவதை விட்டுவிட்டேன். அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. எனக்கும் ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி வந்துவிட்டது.

அந்தக் கண்ணாடியை வாங்கப் போனபோதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கடைவீதியில் அச்சகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கண்ணாடிக்கடை. நடத்துகிறவள் ஒரு பெண், என் தம்பியைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருப்பாள். மூக்குக் கண்ணாடிக் கம்பியை விரலால் வளைத்துச் சரிசெய்துகொண்டே பேசுவாள். நான் விலாசம் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"பல் டாக்டர் அக்காவா நீங்க? அவர் எங்க கடையில அடிக்கடி லென்ஸ் வாங்குவாரு."

"அடிக்கடியா?"

"ஆமா. போன வாரம்கூட ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் கீறல் விழுந்துடுச்சும்பாரு. ரொம்ப முரட்டுக் கைபோல."

முரட்டுக் கையாம். ஈரமான ஸ்டாம்பை ஒரு பல் உடையாமல் தூக்குகிற கை அது. வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய் அவன் மேசை டிராயரை இழுத்தேன். உள்ளே வரிசையாக லென்ஸ், எல்லாம் ஒரே அளவு, பாதிக்குமேல் உறைகூடப் பிரிக்கவில்லை. இவனுக்கு எத்தனை கண் என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு மெதுவாக மண்டையில் உறைத்து, அந்த அறையிலேயே உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். டிராயரை மூடிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போலக் கீழே வந்துவிட்டேன்.

பிறகு நான் செய்ததெல்லாம் கண்ணாடிக் கம்பி தளர்ந்துவிட்டது என்று அந்தக் கடைக்கு நாலைந்து முறை நடந்ததுதான். அந்தப் பெண்ணுக்கும் இவனைப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் என்னிடமே சொல்லிவிட்டாள்.

"எனக்குச் சரிதான் அக்கா. ஆனா அம்மா சரின்னு சொல்லணும். அப்பா போனதுலேருந்து அம்மாவும் நானும்தான். அவங்க மனசு நோக நான் எதுவும் செய்ய மாட்டேன்."

"அதுக்கென்ன, நாங்க வந்து பேசுறோம்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணே ஒண்ணுதான் பயமா இருக்கு. எங்க வீட்டுக் கூடத்துல ஒரு ஸ்டாம்ப் மாட்டியிருக்கு, கண்ணாடிச் சட்டம் போட்டு. வர்றவங்க எல்லாருக்கும் அதைக் காட்டுவாங்க."

தம்பியின் வாயை எந்த நூலால் தைப்பது என்று நான் அப்போதே யோசிக்கத் தொடங்கினேன்.

அவள் அப்பா இளவட்டமாக இருந்தபோது, கடல்தாண்டி ஏதோ ஒரு ராஜாவின் அரண்மனையிலிருந்து அவருக்கு வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்ததாம். அவள் அம்மாவை விட்டுப் போக மனசில்லாமல் அவர் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஸ்டாம்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாராம். அதுதான் கூடத்தில் தொங்குகிறது.

புறப்படுகிற அன்று தம்பியைச் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினேன்.

"எதைக் காட்டினாலும் நல்லாயிருக்குன்னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல வாய் திறந்தே, நான் உனக்கு அக்கா இல்ல."

"சரிக்கா."

"உனக்கு அவ வேணுமா வேண்டாமா?"

அவன் காது சிவந்துபோய், "வேணும்" என்றான். இத்தனை வருஷத்தில் ஸ்டாம்பைத் தவிர எதையும் அவன் வேணும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், பொத்தான் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி அவன் சட்டையை இழுத்துச் சரிசெய்தேன்.

கண்ணாடிக்கடைக்காரியின் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. சின்னக் கூடம், மூங்கில் நாற்காலிகள், ஜன்னலில் துவைத்த திரை. அவள் அம்மா மெலிந்த பெண்மணி. வந்தவர்களை வாங்க என்றதோடு சரி, அதிகம் பேசவில்லை, எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கு அந்த அம்மாவின் தம்பி இருந்தார், போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிற மாமா. அவர் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டிலும் கேட்கும். வேலையிலிருந்து நேராக வந்த என் வீட்டுக்காரர், நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணயரத் தொடங்கினார். நான் முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தேன்.

பிஸ்கட் தட்டு வந்தது. அந்த அம்மா தேநீர்க் கெண்டியைத் தூக்கி ஊற்றத் தொடங்கினார். ஸ்டுடியோ மாமா ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றி என் தம்பியின் மடியில் வைத்தார்.

"பாருங்க தம்பி. சட்டம் போட்டது நான். கீழ் ஓரத்தை மறைச்சு அட்டை வெட்டினதும் நான். அத்தான் பக்கத்துலயே நின்னு, இவ்வளவு மறைடா, இதுக்குக் கீழ தெரியக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வெட்ட வச்சாரு. எவ்வளவு பக்குவம் பாருங்க."

பச்சை நிறம். நடுவில் ஒரு அரிக்கேன் விளக்கு. அதற்கு மேலே ஒன்று என்ற எண். அவ்வளவுதான். நாட்டுப் பேர் இல்லை, தபால் என்ற வார்த்தை இல்லை, காசும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கே லென்ஸ் தேவைப்படவில்லை. தம்பி குனிந்து பார்த்தான். அவன் விரல் தானாகப் பைக்குள் போய், அங்கே இருக்கும் லென்ஸைத் தொட்டுவிட்டு வெறுமையாக வெளியே வந்தது.

"நல்லாயிருக்கு" என்றான்.

என் உயிர் திரும்பி வந்தது. கண்ணாடிக்கடைக்காரியும் மூச்சு விட்டாள்.

மாமா அதோடு விட்டால்தானே. "நீங்க இதுல பெரிய புலின்னு கேள்விப்பட்டேன். எந்த ராஜா நாடுன்னு சொல்லுங்க பாப்போம். அத்தான் கடைசிவரைக்கும் நாட்டுப் பேரைச் சொல்லவே இல்ல."

"நல்லாயிருக்குங்க" என்றான் மறுபடியும்.

"அது சரி, எந்த நாடு?"

தம்பியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஜுரக்காரனைப் போல உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் பேச்சை மாற்ற, திரைத்துணி எங்கே வாங்கினது என்று கேட்டேன். யாரும் என்னைப் பொருட்படுத்தவில்லை.

கெண்டியைக் கையில் பிடித்தபடியே அந்த அம்மா அவன் முகத்தைப் பார்த்தார். "தம்பி, உங்களுக்கு என்னமோ தெரியுது. சொல்லுங்க."

அவன் கண்ணாடிக்கடைக்காரியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் வேண்டாம்டா என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் அந்த அம்மாவிடம் திரும்பி, "அம்மா, உண்மையைச் சொல்லட்டுமா, நல்லாயிருக்குன்னே சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

"எதைச் சொன்னா உங்களுக்கு ராத்திரி தூக்கம் வரும்?"

போயிற்று, எல்லாம் போயிற்று. அவன் கொட்டித் தீர்த்துவிட்டான்.

"இது கடிதத்துல வரலைங்க. முத்திரை விழவே இல்ல. எந்த நாட்டுதும் இல்ல. சாமான் வாங்கினா கொடுப்பாங்களே, கடை ஸ்டாம்ப், அது இது. இதே விளக்கு, சிவப்புல, பத்து நம்பர் போட்டது என்கிட்ட இருக்கு. கடைப் பேர் கீழ் ஓரத்துல இருக்கும். அதைத்தான் அட்டை மறைக்குது. ரெண்டு பக்கமும் பல் இல்லாம நேரா இருக்கு பாருங்க, சுருளா வந்தது. கல்லாவுல உக்காந்திருக்கிறவங்க ஒவ்வொண்ணா கிழிச்சுக் கொடுக்கிறது."

ஸ்டுடியோ மாமா எழுந்து நின்றுவிட்டார். "அப்ப எங்க அத்தான் பொய் சொன்னாருன்னு சொல்றீங்களா? எங்க வீட்டுக் கூடத்துலயே உக்காந்துகிட்டு?"

"நான் அப்படிச் சொல்லலைங்க. ஸ்டாம்ப் என்ன சொல்லுதோ அதைத்தான் சொல்றேன்." அவனுக்கு இனி நிறுத்தத் தெரியவில்லை, சறுக்குமரத்தில் உட்கார்ந்த குழந்தை மாதிரி போய்க்கொண்டே இருந்தான். "பாக்க அழகா இருக்கேன்னு ஒண்ணு ரெண்டு எடுத்து வச்சிருப்பாரு. புத்தகத்தைப் பாதியில விட்டிருப்பாரு, நிறைய பேர் அப்படித்தான். மேல கிழிச்ச ஓரத்தைப் பாருங்க, இந்தப் பக்கம் பல் நீண்டு பிஞ்சிருக்கு. கிழிச்சவங்க இடது கைக்காரங்க."

என் வீட்டுக்காரர்கூட முழித்துக்கொண்டார். எல்லாருடைய பார்வையும் ஒரே இடத்துக்குப் போனது. அந்த அம்மா கெண்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று துடித்தேன். அவர் சிரித்தார். கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நான்தான் கிழிச்சேன். அந்தக் கடையில கல்லாவுல இருந்தது நான்தான்."

"அக்கா, நீ துணிக்கடையில வேலை பாத்தேன்னு..." மாமா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அதுக்கு முன்னாடிடா. நீ அப்ப வெளியூர்ல படிச்சுக்கிட்டிருந்தே." அவர் உள்ளே போய், அலமாரியில் போர்வைகளுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். பக்கம் முழுக்கப் பச்சை விளக்குகள், கொஞ்சம்கூட வரிசை இல்லாமல் கோணல்மாணலாக ஒட்டியவை. தம்பி இந்த முறை லென்ஸை வெளியே எடுத்தேவிட்டான்.

"பாதியில விடல தம்பி, அது மட்டும் நீங்க சொன்னது தப்பு" என்று அந்த அம்மா கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது. "தினம் வருவாரு. ஒருநாள் ஒரு சோப்பு. மறுநாள் ஒரு மெழுகுவத்தி. மொத்தமா வாங்கிட்டுப் போனா என்னன்னு கேப்பேன், மறந்துட்டேன்னுவாரு. வீட்டுல கரண்டு இருக்கு, அத்தனை மெழுகுவத்தியை என்ன செஞ்சாரோ. கடைசி ஸ்டாம்பைக் கிழிச்சுக் கொடுத்தப்ப, ஒட்டுங்க, புத்தகம் நிறைஞ்சுடும், கடிகாரம் வாங்கிட்டுப் போகலாம்னேன். ஒட்ட மாட்டேன்னுட்டாரு. புத்தகத்தைக் கொடுத்துட்டா நாளைக்கு இங்க வர எனக்கு என்ன சாக்குன்னு கேட்டாரு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் இதைச் சட்டம் போட்டு மாட்டிட்டு, பிள்ளைகிட்ட ராஜா கடிதாசின்னு கதை விட்டாரு. நல்லா சொல்லுவாரு. நான் எதுக்குக் கெடுக்கணும்? அதோட என்னை யாரும் கேக்கவும் இல்ல. வந்தவங்க எல்லாரும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்குன்னு தலையாட்டிட்டுப் போனாங்க."

கண்ணாடிக்கடைக்காரி அந்தப் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ சோப்பும் மெழுகுவத்தியும் என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து வேறொன்று தொண்டைக்குள் முட்டிக்கொண்டிருந்தது. தம்பியை வாய் மூடச் சொன்ன எனக்கு என் வாய் மூடவில்லை.

"அம்மா, எங்க வீட்டு மாடியில ஒரு டிராயர் நிறைய லென்ஸ் கிடக்கு. பாதி உறையே பிரிக்கல. எல்லாம் உங்க பொண்ணு கடையில வாங்கினது."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு அசடு வழிந்தான். கண்ணாடிக்கடைக்காரி அவனைப் பார்த்தாள். "கீறல் விழுந்துடுச்சுன்னு சொன்னீங்க."

"விழல" என்றான்.

அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டத்தைத் திருப்பி, பின்னட்டையை நகத்தால் நெம்பி, ஸ்டாம்பை வெளியே எடுத்தார். அதன் பின்பக்கம் பசை பளபளவென்று இருந்தது. இத்தனை வருஷமாக ஒரு விரல் படாத பசை. என் தம்பி மாதிரி ஆட்களுக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. அப்படியே கிடைத்தால் பட்டுத்துணியில் சுற்றி வைப்பார்கள். அவன் கண் அதிலேயே நின்றுவிட்டது.

"இனிமே இதுக்கு என்ன சாக்கு வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா நாக்கை நீட்டினார்.

தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். நகம் உள்ளே இறங்கியது. அவன் வாய் திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது. கொஞ்சம் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள் என்றோ, ஒட்டவே வேண்டாம் என்றோ அவன் கத்தப்போகிறான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டான். அவர் ஸ்டாம்பை நன்றாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நக்கி, கடைசிக் கட்டத்தில் கோணலாக ஒட்டி, இடது கைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

அன்றைக்கு அவன் எனக்குக் கொடுத்த வாக்கை அந்த ஒரு இடத்தில்தான் காப்பாற்றினான். என் மணிக்கட்டில் நகக்குறி மறைய ஒரு வாரம் ஆயிற்று. பரவாயில்லை.

"புத்தகம் நிறைஞ்சுடுச்சு" என்று அந்த அம்மா அதைத் தம்பியின் கையில் வைத்தார். "கடைதான் இல்ல. நீங்க வச்சுக்கங்க."

ஸ்டுடியோ மாமாவுக்கு அதற்குள் உற்சாகம் திரும்பிவிட்டது. காலிச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "புத்தகத்தைக் கொடுத்தா பரிசு உண்டே. அப்ப இவருக்குப் பரிசு நம்ம பொண்ணுதான்" என்றார்.

"நான் என்ன சட்டியா மாமா?" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. "அம்மா சரின்னுட்டாங்க, நானும் சரின்னுட்டேன். அவ்வளவுதான். நீங்க அந்தச் சட்டத்துல எங்க கல்யாணப் போட்டோவைப் போடுங்க."

மாமா அப்படியே செய்தார். இப்போது அந்தக் கூடத்தில் அந்தச் சட்டத்தில் அவர்கள் இருவரும் இருக்கிறார்கள். வருகிறவர்களிடம் மாமா இப்போது மெழுகுவத்திக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் மெழுகுவத்தி கூடிக்கொண்டே போகிறது. அவர் அத்தானிடமிருந்து அந்தத் திறமை இவருக்குத் தொற்றிக்கொண்டது என்று அந்த அம்மா சொல்கிறார்.

கல்யாணத்துக்குப் பிறகு தம்பி ஒரு லென்ஸ்கூட வாங்கவில்லை. மாடியில் மின்விசிறி ஓடுகிறது. கண்ணாடிக்கடைக்காரி வந்ததும் செருப்புப் பெட்டிகளுக்கெல்லாம் மூடி போட்டுவிட்டாள், இத்தனை வருஷமாக எனக்கு அது தோன்றாமல் போயிற்றே என்று என்மீதே எனக்குக் கோபம்.

போன மாதம் மாடியைப் பெருக்கப் போனபோது, அந்தப் பச்சை விளக்குப் புத்தகம் மேசையில் விரிந்து கிடந்தது. தம்பி எதைச் சேர்த்தாலும் பக்கத்தில் பென்சிலால் அதன் நிலைமையை எழுதிவைப்பான். பல் எப்படி, பசை எப்படி, கிழிசல் உண்டா என்று ஒன்று விடாமல் இருக்கும். கடைசி ஸ்டாம்புக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தான்: "பல் முழுமை. இடது கையால் கிழித்தது. பசை இல்லை, என் கண் முன்னால் மாமியார் நக்கிவிட்டார். விற்பதற்கில்லை."